பாடாத கானா செட்டோடு காசிமேட்டுக்கு

நான் ஊர் சுற்றுவதெல்லாம் வேலைக்காகத்தான். எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் இளைஞர்களுக்கு மனநலப் பயிற்சி நடத்துகிறேன். மாத்திரையை விடாமல் போடுவது, மனம் சோர்ந்து கிடக்கும் நாளைத் தள்ளுவது, குடியைக் குறைப்பது, காதலிக்கிற பெண்ணிடம் விஷயத்தைச் சொல்வது, இவைதான் பாடங்கள். ஈரோட்டிலிருந்து கிளம்பி மாதம் ஓர் ஊர். இந்த வலைப்பூவை வாசிப்பவர்களில் பாதிப் பேர் இதே வேலையில் இருப்பவர்கள், மீதிப் பேர் எந்த ரயிலில் ஏறுவது என்று பார்க்க வருபவர்கள். இரு தரப்புக்கும் உதவட்டுமே என்று ஒவ்வொரு பயணத்தையும் எழுதிவிடுவேன். போன நவம்பரில் வடசென்னைக்குப் போய் வந்ததை மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எழுதச் சொன்னது செல்வி அத்தை. "பேர மாத்திட்டு எய்தும்மா. நாலு பேரு படிக்கட்டும்" என்றார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தெரு எதுவென்று சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

ஈரோட்டிலிருந்து இரவு ரயில், படுக்கை வசதிக்கு இருநூற்று எழுபது ரூபாய் சொச்சம். விடிகாலையில் சென்ட்ரலில் இறங்கினால், வாசலிலேயே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். திருவொற்றியூர் என்று சொன்னால் நானூறில் ஆரம்பிப்பார்கள். காதில் வாங்காமல் பக்கத்திலிருக்கும் புறநகர் ரயில் நிலையத்துக்கு நடங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் எந்த வண்டியும் திருவொற்றியூரில் நிற்கும். ஐந்து ரூபாய் டிக்கெட், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், அரை மணி நேரம். தண்டையார்ப்பேட்டை தாண்டியதும் ஒரு வாடை அடிக்கும். எண்ணெய், ரசாயனம், கருவாடு மூன்றும் கலந்தது. முதல் பயணத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து எதிரில் இருந்த அம்மாள், "இன்னாமா, நாங்கல்லாம் மூச்சு வுடாமயா கீறோம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் பொத்துவதில்லை.

எங்கள் குழு கூடுவது நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு அரிசி மண்டிக்கு மேலே உள்ள அறையில். பிறவியிலேயே தொற்று வந்த பிள்ளைகள்தான் அதில் பெரும்பாலும். பதினெட்டிலிருந்து இருபத்து நாலு வயதுக்குள் பதினோரு பேர். வீட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ தெரியும், தெருவுக்குத் தெரியாது. அப்படியென்றால் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை எங்கே போகிறாய் என்று தெரு கேட்குமே, அதற்கு ஒரு பதில் வேண்டும். முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று சொல்லி வைத்தார்கள். எங்கே, நாலு வார்த்தை பேசு பார்ப்போம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நிறுத்திவைத்துக் கேட்க ஆரம்பித்ததும் அது நாறிப்போனது. அப்புறம்தான் கானா செட்டு என்று மாற்றினார்கள். வடசென்னையில் நாலு பிள்ளைகள் கானா பாடக் கூடுகிறார்கள் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, சத்தத்தைக் குறை என்று மட்டும்தான் சொல்வார்கள்.

அறை மூலையில் ஒரு டோலக்கும் ஒரு ஸ்பீக்கரும் இருக்கும். நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் ஏதாவது பாட்டு ஓடும். இந்தச் செட்டு ஒரு முழுப் பாட்டைக்கூடச் சேர்ந்து பாடியது கிடையாது. குழுவை நடத்தும் வேளாங்கண்ணிக்கு மட்டும் நல்ல குரல். எல்லோருக்கும் அவள் வேளா. வயது இருபத்து நாலு, வார நாளில் எண்ணூர்ச் சாலையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. அவளும் பிறவியிலிருந்து மாத்திரை போடுபவள்தான். பிள்ளைகள் எனக்குப் பயப்பட மாட்டார்கள், அவளுக்குப் பயப்படுவார்கள்.

அன்றைக்கு நான் எடுத்துப்போன பாடம், யாரிடம் சொல்லலாம் என்பது. நம் நிலையைச் சொல்லத்தக்க ஆள் யார், எப்போது சொல்வது, சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று இரண்டு நாள் நடத்துவதாகத் திட்டம்.

வழக்கமாக வேளா மாடிப்படியில்தான் நிற்பாள். அன்றைக்கு ரயில் நிலையத்துக்கே வந்திருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டு, "பிரவீனு பூட்டான்கா. நேத்து சாயந்தரம்" என்றாள்.

பிரவீனுக்கு இருபத்தோரு வயது. காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை. போனால் பத்து நாள், சில சமயம் அதற்கும் மேல். அப்பாவும் அம்மாவும் அவனுக்கு விவரம் தெரியும் முன்பே இதே நோயில் போய்விட, மீன் விற்கும் அத்தைதான் எடுத்து வளர்த்தார். செல்வி அத்தை அவர்தான். குழுவில் யாருக்கு முகம் வாடினாலும் பிரவீன்தான் கிண்டல் செய்து சிரிக்க வைப்பான். ஒருமுறை மாத்திரை பற்றிப் பேசும்போது, "போட்டுல மாத்திரைன்னா பொதுச் சொத்துக்கா. தலைவலின்னா எவன் பைல வேணா எவன் வேணா கைய வுடுவான்" என்று சொல்லிச் சிரித்தான். எட்டுப் பேர் ஒரே கேபினில் படுப்பது, வெள்ளை டப்பா குலுங்குகிற சத்தம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். அறையே சிரித்தது, நானும்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் படகு கடலில் இறங்கியதிலிருந்து அவன் மாத்திரையைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கேட்கும்போதெல்லாம் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அக்டோபரில் தலைவலியோடு கரை வந்தான். காசநோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போதுதான் வீட்டில் பிரிக்காமல் கிடந்த மாத்திரை டப்பாக்களைப் பார்த்து அத்தை வேளாவிடம் சொல்லியிருக்கிறார். தெருவுக்கு மூளைக் காய்ச்சல் என்று அத்தை சொன்னார். அது பொய்யும் இல்லை.

"வூட்டுல கேக்குறாங்கக்கா, அவன் செட்டு எப்ப வரும்னு" என்றாள் வேளா. எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். அங்கே கானா பாடுகிறவன் செத்தால் அவனுடைய செட்டுதான் வந்து பாட வேண்டும். காசுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டால் செத்தவனுக்கு அவமானம். பாட்டுக்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கே பிறந்தான், யார் வளர்த்தார்கள், என்ன வேலை பார்த்தான், எப்படிச் செத்தான் என்று அவன் கதையை அவன் பெயர் சொல்லித் தெரு முன்னால் பாட வேண்டும். எப்படிச் செத்தான் என்பதை விட்டுவிட்டுப் பாட முடியாது.

மாடியில் பத்துப் பேரும் இருந்தார்கள். ஸ்பீக்கர் ஓடவில்லை. போகலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் சண்டை. ஒருத்தர் போனால் தோஸ்து என்று நினைப்பார்கள், மொத்தமாகப் போனால் இதென்ன கூட்டம் என்று பார்ப்பார்கள், நாளைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் எவனாவது ஒருத்தன் நம்மைப் பார்த்துத் தொலைத்தால் அத்தனை பேர் கதையும் முடிந்தது என்றார்கள் பாதிப் பேர். அது நியாயமான பயம். மற்றப் பாதி, போகாவிட்டால் அதைவிடச் சந்தேகம் வரும் என்றது. சார்லஸ் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, அவனும் வேறொரு விசைப்படகில் போகிறவன். டோலக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அவன் எனுக்காக வந்திருப்பான்" என்றான்.

என்னைக் கேட்டார்கள். ரகசியம் காப்பது பற்றி ஊர் ஊராகப் பாடம் எடுக்கிறவள் நான். உங்கள் முடிவுதான் என்றேன். அப்படிச் சொல்லத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அன்றைக்கு அந்த வாக்கியத்தின் மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

கடைசியில் வேளா, சார்லஸ், இன்னும் இரண்டு பேர், கூட நான். திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோ நூற்று ஐம்பது ரூபாய். ஷேர் ஆட்டோவில் போனால் இருபதுதான், ஆனால் டோலக்கோடு ஏற்ற மாட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்தச் சாலையில் கூகுள் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரருக்கும் அந்தத் தெருதான். டோலக்கைப் பார்த்துவிட்டு, "பிரவீனு செட்டா? பாட்டு கீதுன்னு தெரு பூரா பேச்சு" என்றார். இறங்கும்போது நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். சாவு வீட்டுக்குப் போகிறவர்களிடம் முழுசாக வாங்க மாட்டாராம். ஆட்டோக்காரர்களைப் பற்றி மேலே எழுதியதை இவருக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தது. ஐஸ் பெட்டிக்குள் பிரவீன் இருந்தான். கன்னம் ஒட்டிப்போய், ஐம்பது வயது ஆள் மாதிரி. நான் ஜூலையில் பார்த்த பையன் இல்லை. அத்தை எழுந்து வந்து வேளாவைக் கட்டிக்கொண்டார். அழுகையின் நடுவே அவள் காதில் ஏதோ சொன்னார். பின்னால் கேட்டபோது வேளா சொன்னாள், "காப்பாத்துடீன்னாங்கக்கா". செத்தவனை எப்படிக் காப்பாற்றுவது என்று நான் கேட்கவில்லை. புரிந்தது.

பிரவீன் போன படகின் டிரைவர் தேசப்பன் அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை ஒட்டிய வயது, தெருவில் அவர் சொல்லுக்கு மறு சொல் இல்லை. "மூணு மணிக்கு எடுக்கணும். அதுக்குள்ள பாடிடுங்க. புள்ள கதைய ஒயுங்கா பாடணும், இன்னா?" என்றார். மேளக்காரர்களை நிறுத்தச் சொன்னார். தெரு அடங்கியது.

சார்லஸ் டோலக்கைத் தட்டினான். முதலில் தடுமாறி, பிறகு தாளம் நின்றது. வேளா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பாடினாள்.

காசிமேட்டு அலையில ஆடுன கண்ணு நீயடா
கூட தூக்கி வளத்த அத்த கூவுறாளடா

பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அவன் சேட்டையைப் பாடினாள், சிரிப்பைப் பாடினாள், முதல்முதலில் கடலுக்குப் போய் வாந்தி எடுத்ததைப் பாடினாள். கூட்டத்தில் சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். பிறகு எப்படிச் செத்தான் என்கிற இடம் வந்தது. அவள் குரல் மாறியது. அது துக்கம் இல்லை, கோபம். ஐஸ் பெட்டியைப் பார்த்தே பாடினாள்.

ஐஸு ஏத்துன டீசல் ஏத்துன அரிசி ஏத்துன
உன் உசுர மட்டும் கரையிலதான் வெச்சிட்டுப் போயிட்ட
சொல்லியிருந்தா நாங்க உன்ன தூக்கியிருப்போமே
சொல்லாமலே கடைசியில தூக்க வெச்சியே

சார்லஸ் குனிந்தபடியே தட்டிக்கொண்டிருந்தான். அவன் கண்ணீர் டோலக்கின் மேல் விழுந்தது. காய்ச்சலைச் சொல்லாமல் மறைத்த பிள்ளை என்று தெரு எடுத்துக்கொண்டது. "ஆமாடா, ஒரு வார்த்த சொல்லலியே" என்று கிழவி ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். நான் மூச்சு விட்டேன். தேசப்பன் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டார்.

மூலக்கொத்தளம் இடுகாடு அங்கிருந்து மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். ஆண்கள் போனார்கள், சார்லஸும் போனான். நானும் வேளாவும் தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இருட்டுவதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள். தேசப்பன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நேராக எங்களிடம் வந்தார். கடைக்காரரை உள்ளே அனுப்பிவிட்டு வேளாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பாட்டு நீயே கட்னதா?"

"ஆமா நைனா."

"கரையில வெச்சிட்டான்னு பாடினியே. மாத்திரையத்தான?"

வேளா என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பயப்படாத. அவன் நைனா என் மடியிலதாம்மா செத்தான். நாங்க ஒரே போட்டு. இன்னா நோவுன்னு எனுக்குத் தெரியாதா? புள்ளைக்கும் கீதுன்னு தெருவுக்கே தெரியும். எவனும் அவன் காதுல வியறாப்ல பேசக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். மனசு ஒடிஞ்சிடுவான்னு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போட்டுல அவன் பைய எவனையும் தொட வுட மாட்டேன். ஒரு தபா ஒருத்தன் தலைவலின்னு கைய வெச்சான், வுட்டேன் ஒண்ணு. மாத்திரை அதுலதான் கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன்மா. நேத்துதான் செல்வி அந்தப் பையத் தொறந்தா. ஒரு லுங்கி, ஒரு சோப்பு. அவ்ளோதான்."

"அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நைனா" என்றாள் வேளா.

"அவனே சொல்லட்டும்னு இருந்தேன். சின்னப் புள்ள இல்ல, அவன் வாயால வரட்டும்னு." துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். அறுபது வயது ஆள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். தெருவில் போனவர்கள் நிற்காமல் போனார்கள்.

அன்றிரவு ராயபுரத்தில் ஒரு விடுதியில் தங்கினேன். எழுநூறு ரூபாய், சுமார்தான், கொசு உண்டு. தூக்கம் வரவில்லை. அவன் நோகக் கூடாது என்று ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. தெரு அறியக் கூடாது என்று அவன் மாத்திரையை விட்டிருக்கிறான். இரண்டு பக்கமும் அன்பாகத்தான் இருந்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிறு காலை மாடி அறையில் வேளா எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னாள். நான் கொண்டுபோன பாடத்தை எடுக்கவில்லை. என் தெருவுக்கும் தெரிந்திருக்குமோ என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. ஒரு பெண் மட்டும், "எங்க ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வெளிய தள்ளிடுவாங்க" என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். போன வருடம் அப்படி ஒரு குடும்பம் மாதவரம் பக்கம் வீடு மாறிப் போனது. அதனால், எல்லோரும் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று இந்தக் கட்டுரையை முடிக்க என்னால் முடியாது.

இதே வேலைக்காக அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடலுக்குப் போகும் பிள்ளைகளைப் படகு கரையில் நிற்கும் நாட்களில்தான் பிடிக்க முடியும், சனி ஞாயிறு என்று அடம் பிடிக்காதீர்கள். தடைக்காலம் முடிகிற ஜூன் மாதத்தில் கட்டாயம் ஒரு முறை போங்கள். மாத்திரை போடுகிறாயா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். படகில் எங்கே வைக்கிறாய், எந்த நேரத்தில் போடுகிறாய், அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். ஷேர் ஆட்டோவிலும் ரயிலிலும் பிள்ளைகளோடு எதையும் பேசாதீர்கள். திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலுக்குத் திரும்ப மெட்ரோவும் உண்டு, ரயிலைவிடக் காசு அதிகம், உட்கார இடம் கிடைக்கும். சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், தேரடிப் பக்கம் நல்ல மீன் சாப்பாடு நூற்றிருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். அன்றைக்கு எனக்குத்தான் மீன் இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் எல்லோரும் போன பிறகும் சார்லஸ் படியில் உட்கார்ந்திருந்தான். திங்கள் விடிகாலை அவன் படகு கிளம்புகிறது. "எங்க டிரைவருக்கும் தெரிஞ்சிருக்குமாக்கா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். "தெரியாம இருந்து, நானே போயி சொல்லி, எறக்கி வுட்டுட்டா?" வேளா அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை நான் ஈரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோது அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

"போனேன்கா. டிரைவர் எதுர போயி நின்னேன். இன்னாடான்னாரு."

"என்ன சொன்ன சார்லஸ்?"

"ஒண்ணுமில்ல நைனான்னுட்டு வந்துட்டேன்கா. ரொம்ப நேரம் என்னையே பாத்துகினு இருந்தாருக்கா. அவரும் ஒண்ணும் கேக்கல."

மாத்திரை எங்கே என்று நான் கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.